கடன் மாற்றம் என்னும் பகற்கொள்ளை

அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார். புண்ணியமாவது மிஞ்சும் என்கிறார்கள். குழுக் கடனைக் கம்பெனிவிட்டுக் கம்பெனி மாற்றிச் சுற்றுகிற உழைப்பாளிப் பெண்ணுக்கு என்ன மிஞ்சுகிறது?

"பழைய கடனை எங்களிடம் மாற்றுங்கள், தவணை குறையும்" என்று வருகிறான் ஏஜெண்டு. 40,000 ரூபாய்க் கடனுக்கு 2 சதவிகிதம் பிராசஸிங் பீஸ் என்றால் 800. அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 144. அப்புறம் இன்ஷூரன்ஸ். அத்தனையும் முன்பிடித்தம்! கைக்கே வராத அந்தப் பணத்துக்கும் வட்டி. ஊர்க் கந்துவட்டிக்காரனும் இதைத்தானே செய்தான்?

2022-ல் நுண்கடன் கம்பெனிகளின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கி, இந்த முதலைகளை அவிழ்த்துவிட்டது ரிசர்வ் வங்கி. ஆனால் அதே உத்தரவில் இருப்பதை ஏஜெண்டு வாய்திறந்து சொல்லமாட்டான்: விவரத்தாளில் எழுதாத கட்டணம் ஒரு காசும் வசூலிக்கக்கூடாது, நுண்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, சம்மதமில்லாமல் இன்ஷூரன்ஸைத் தலையில் கட்டக்கூடாது.

தோழர்களே! அரிசி ஆலையிலும் நடவு வயலிலும் இதைச் சொல்லுங்கள். விவரத்தாளைப் படித்துக் காட்டும்வரை யாரும் கையெழுத்துப் போடவேண்டாம். ஏற்கெனவே பணம் பிடிக்கப்பட்டவர்கள் கடன் அட்டையோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கூட்டமாகப் போய்க் கணக்குக் கேட்போம்.