ஒரு நாள் போதும்: தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள்

காஞ்சிபுரம் டூர் என்றால் நம்மில் பலருக்கும் இரண்டே வேலைதான். நாலு கோயில், ஒரு பட்டுக்கடை. இந்த முறை நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளையார்பாளையம் நெசவாளர் தெருக்களில் நடந்து பாருங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். அதிகாலையில் கிளம்பினால் நல்லது. தெருவில் பாவு நீட்டி, இழைகளைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நீளமான நேர்த் தெருவும் இங்கே ஒரு தொழில் கருவிதான். மழைக்காலத்தில் இந்த வேலை தடைபடும். தறிக்குழியிலும் ஈரம் ஏறும்.

பழைய ஓட்டு வீடுகளைக் கவனியுங்கள். வெளியே திண்ணை, உள்ளே வெளிச்சம் விழும் இடத்தில் குழித்தறி. குழியில் காலை விட்டு மிதியை மிதித்தபடியே நெய்கிறார்கள். கோர்வைப் புடவை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். இரு கரைக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. அதனால் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு ஆள்தான். விலை ஏன் அவ்வளவு என்பது அங்கே நின்று பார்த்தால் புரியும்.

ஜப்பானில் டோக்கியோ பக்கத்தில் கவகோயே என்ற ஊர் இருக்கிறது. 1893-ல் பெரும் தீ விபத்து. அதற்குப் பிறகு வியாபாரிகள் தீப்பிடிக்காத தடித்த மண்சுவரில் கடைகள் கட்டினார்கள். பழைய கட்டடத் தொகுதிகளை மொத்தமாகப் பாதுகாக்க 1975-ல் அந்த நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கவகோயே கடைத்தெரு 1999-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் அங்கே கடைகள் நடக்கின்றன. ஒரு நாள் பயணமாக மக்கள் போய் வருகிறார்கள்.

நம்மூரில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் வீட்டைப் பெயர்த்து வைக்கலாம், தெருவை எப்படிப் பெயர்ப்பது? ஓட்டு வீடு இடிந்து மாடி வீடு எழும்போது, பல இடங்களில் தறிக்குழி திரும்ப வருவதில்லை. ஒழுகாத வீடு வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை. தறியோடு சேர்த்து நல்ல வீடு கட்ட உதவி கிடைத்தால் தெருவும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

போகும்போது சில விஷயங்கள்:

* அது கண்காட்சி அல்ல, குடும்பம் வாழும் வீடு. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

* நீட்டிய பாவைத் தாண்டாதீர்கள். குழந்தைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

* கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். கைலாசநாதர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மந்தாரை இலை மணக்கும் காஞ்சிபுரம் இட்லியையும் விடாதீர்கள்.

* புடவை வாங்குவதானால் கூட்டுறவு சங்கக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். சில்க் மார்க் என்பது பட்டுக்குத்தான் சாட்சி. கைத்தறியா என்று தனியாகக் கேளுங்கள்.

வீடு திரும்பியதும் பீரோவில் இருக்கும் கல்யாணப் பட்டை எடுத்து, கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அது கோர்வையாக இருந்தால், அந்த இடத்தில் இரண்டு பேரின் உழைப்பு இருக்கிறது.