வழிவிட்ட மதில்

திருவரங்கத்தில் திருமங்கையாழ்வார் திருமதில் எழுப்பிய வரலாற்றை அன்பர்கள் கேட்டிருப்பீர்கள். மதில் செல்லவேண்டிய வழியில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் இருந்தது. திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் அருளிய அப்பெரியவர், அரங்கனுக்கு மாலை தொடுக்க மலர் கொய்த இடம் அது. அதனை அழிக்க மனமின்றி, திருமங்கையாழ்வார் மதிலை விலக்கிக் கட்டினார் என்பர் பெரியோர். அதனால் உள்ளம் குளிர்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தோட்டத்தில் தாம் கையாண்ட கருவிக்கு, திருமங்கையாழ்வாருக்குரிய ‘அருள்மாரி’ என்னும் பெயரையே சூட்டினாராம்.

இதன் பொருள் எனக்கு விளங்குவதற்கு, எங்கள் வீட்டு மதில் இடிய வேண்டியிருந்தது.

பள்ளிக்கரணை தாழ்ந்த நிலம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்குள்ள சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. இதை அறிந்தே என் தந்தையார் மனையை மண்ணிட்டு உயர்த்தி, கருங்கல் மதில் எழுப்பி, அதன் அடிவரிசையில் நீர் வடியத் துளைகளும் விட்டிருந்தார். உள்ளே பவழமல்லி, நந்தியாவட்டை, செவ்வரளி, துளசி. நாள்தோறும் ஒரு குடலை மலர் ஆதிபுரீஸ்வரர் சந்நிதிக்குச் செல்லும். “பூ ஒருநாளும் நிற்கக் கூடாது” என்பது அவர் இட்ட கட்டளை.

அவர் காலத்துக்குப் பின், பாம்பு வருமென்று அஞ்சி அத்துளைகளைச் சிமெண்டு பூசி அடைத்தவன் நானே. 2015 டிசம்பர் பெருமழையில் தோட்டத்து மண் நீரைக் குடித்துக் கனத்தது; வடிய வழியில்லை. ஓரிரவில் மதில் தெருப்பக்கம் சரிந்தது. ஓரத்தில் நின்ற பவழமல்லியும் உடன் சாய்ந்தது.

கொத்தனார் கற்களைப் புரட்டிப் பார்த்தார். “கல்லு மேல குத்தமில்லீங்க ஐயா. தண்ணி போக வழியில்ல, தள்ளிடுச்சு” என்றார். நான் தலைகுனிந்தேன். கடைப்பூ வாங்கிச் சந்நிதிக்குக் கொடுத்த அம்மாதங்களில் என் மனம் ஆறவில்லை.

அதே கற்களால் மதிலை மீண்டும் எழுப்பினோம். துளைகள் விட்டு, அவற்றின் பின்னே ஜல்லி நிரப்பி, பாம்புக்காகக் கம்பிவலை பதித்தோம். வெட்டிவிட்ட நந்தியாவட்டை பங்குனியில் தளிர்த்தது. நட்டுவைத்த அரளிக் குச்சிகள் வேர்விட்டன. பவழமல்லி பிழைக்கவில்லை, ஆயினும் அடுத்த மழையில், அது முன்பு உதிர்த்த விதையிலிருந்து இரண்டு கன்றுகள் முளைத்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தெருவில் வெள்ளம் நின்றது. அது வடிந்தபின் இரண்டு நாள்கள் துளைகளிலிருந்து கலங்கல் நீர் கசிந்துகொண்டே இருந்தது. மதில் அசையவில்லை.

நிலத்தில் உதிர்ந்த மலரை இறைவனுக்குச் சாத்தலாகாது என்பது மரபு. பவழமல்லிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. இப்போது வைகறையில் குனிந்து அம்மலர்களைப் பொறுக்கும்போதெல்லாம், வழிவிட்டுக் கட்டிய அருள்மாரியை நினைத்துக்கொள்கிறேன். அன்பர்களும் ஐப்பசி பிறக்குமுன் தங்கள் வீட்டு மதிலின் அடியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.