தேர்ச்சக்கரம் புதைந்தால் நம்புவேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு டிராகன் மேல் எந்தக் கோபமும் இல்லை. பறக்கும் குதிரை, பத்துத் தலை, நடக்கும் மரம், செத்தவன் எழுந்து வாள் பிடிப்பது எல்லாம் சம்மதம். அனுமன் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தால் கை தட்டுகிற முதல் ஆள் நான்தான். ஆனால் தூக்குகிற அந்த நொடியில் அவன் கால் மண்ணுக்குள் ஒரு சாண்கூட இறங்கவில்லை என்றால் அங்கேதான் எனக்கு உதைக்கும்.

மாயாஜாலப் படத்தில் போய் லாஜிக் பார்க்கலாமா என்று வகுப்பில் எப்போதும் ஒருத்தன் கேட்பான். (படத்தைப் படமாகப் பார்க்கச் சொல்லும் கோஷ்டி!) பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். கதையில் மாயம் கூடக் கூட, மிச்சமெல்லாம் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கனம், தூரம், தாகம், களைப்பு. இந்த நான்கும் இல்லாவிட்டால் திரையில் ஓடுவது போர் இல்லை, ஸ்கிரீன்சேவர்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்றால், நான் விழிதியூர்க்காரன். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் வயலில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். எடுக்கும்போது செருப்பு உள்ளேயே தங்கிவிடும். அறுப்பு நேரத்தில் ஈரம் காயாத வயல் என்றால் டயர் மிஷினை இறக்க மாட்டார்கள், பெல்ட் மிஷினுக்குத்தான் சொல்லி வைப்பார்கள். டீசல் எஞ்சின் வைத்த வண்டியே சிக்கும் மண் இது. இதே காவிரிச் சமவெளியில்தான் சோழன் யானை, குதிரை, தேர் எல்லாம் வைத்திருந்தான். அப்படியானால் சோழர் போர் என்று யார் படம் எடுத்தாலும் எனக்கு முதலில் வரும் கேள்வி, சேறு எங்கே?

நம் மரபில் இந்தக் கேள்வி புதிது ஒன்றும் இல்லை. நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய போர்க்கதையே சேற்றில்தான் முடிகிறது. கர்ணனின் தேர்ச்சக்கரம் புதைந்தது. பிரம்மாஸ்திரம், நாகாஸ்திரம், கவச குண்டலம், சாபம், வரம் என்று பதினேழு நாள் ஓடிய கதை, கடைசியில் ஒரு மனிதன் இறங்கி நின்று சக்கரத்தைத் தோள் கொடுத்துத் தூக்குவதில் வந்து நிற்கிறது. அதற்கும் சாபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாபம் பலிக்கிற விதம் பாருங்கள், வண்டி சிக்கிக்கொள்கிறது. மாட்டு வண்டியோ டிராக்டரோ ஓட்டிய எவனுக்கும் அந்த இடம் புரியும். சாபத்தை நம்பாதவனும் சேற்றை நம்புவான்.

1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' இதனால்தான் இன்னும் நிற்கிறது என்று நினைக்கிறேன். போர்க்காட்சிகளைக் குருக்ஷேத்திரத்துக்கே போய், ராணுவத்தின் ஆட்களையும் குதிரைகளையும் வைத்து எடுத்தார்கள். இன்றைய கண்ணுக்கு அம்புகள் கொஞ்சம் காமெடியாகத்தான் இருக்கும். நடுவானில் அம்பும் அம்பும் முட்டிக்கொள்வதைப் பார்த்து எங்கள் வீட்டுச் சின்னப் பசங்கள் சிரிக்கிறார்கள். ஆனால் குதிரை குதிரையாக இருக்கிறது. அது ஓடினால் புழுதி எழுகிறது, ஒதுங்கினால் பக்கத்துக் குதிரை மிரள்கிறது. 2012இல் டிஜிட்டலில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது தியேட்டர் நிறைந்ததற்கு சிவாஜி மட்டுமே காரணம் இல்லை என்பது என் எண்ணம். (சிவாஜி ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், அவரும் காரணம்தான்.)

இதற்கு நேர் எதிர் 'ஆதிபுருஷ்'. ராமாயணத்தை எடுத்துக்கொண்டு 2023இல் வந்தது. அதைப் பற்றி அதிகம் பேச மனசில்லை. ராவணன் ராட்சச வௌவால் மாதிரி ஒன்றின் மேல் வருகிறான், அதுகூடப் பரவாயில்லை. இலங்கை எங்கே இருக்கிறது, கடல் எந்தப் பக்கம், யார் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று எதுவுமே தெரியாமல் சாம்பல் நிறத்தில் ஒரு போர். ஊர் தெரியாத இடத்தில் நடக்கும் சண்டையில் யார் செத்தால் எனக்கென்ன?

சரி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். பொன்னியின் செல்வன்.

கல்கி 1950இலிருந்து 1954 வரை தொடராக எழுதியதை மணிரத்னம் இரண்டு பாகமாக 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் கொடுத்தார். கதையில் வரும் அரசலாறு எங்கள் காரைக்காலில்தான் கடலில் கலக்கிறது. வந்தியத்தேவன் பஞ்சு அடைத்த முதலை மேல் வேல் எறிந்து அசடு வழியும் அதே அரசலாறு! அதனால் படத்தை நான் ஏதோ சொந்தக்காரன் கல்யாண வீடியோ பார்ப்பது போலத்தான் பார்த்தேன். பிடித்திருந்தது. ஆனால் போர் வரும்போதெல்லாம் ஒரு நெருடல்.

நாவல் படித்தவர்களுக்குத் தெரியும், அது போரில் தொடங்கவில்லை. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில், பெருகி ஓடும் தண்ணீரில் தொடங்குகிறது. இத்தனை பாகம் எழுதிய கல்கி, கதை நடக்கும் காலத்தில் பெரிய போர் ஒன்றைக்கூட நம் கண் முன்னால் நடத்தவில்லை. சதி உண்டு, துரத்தல் உண்டு, புயல் உண்டு. போர் எல்லாம் பழைய கதையாகத்தான் வரும். படமோ ராஷ்டிரகூடர்களோடு ஒரு போரில் தொடங்கி, ராஷ்டிரகூடர்களோடு இன்னொரு போரில் போய் முடிகிறது. இன்றைக்கு இவ்வளவு செலவு செய்து படம் எடுத்தால் யானைப்படை காட்டாமல் விட முடியாது என்பது புரிகிறது. முதல் போர் தக்காணத்து எதிரியோடு, புழுதி பறக்கட்டும். ஆனால் சோழநாடு என்று காட்டுகிற இடங்களும் ஓர்ச்சா, குவாலியர், மகேஷ்வர். அழகான கருங்கோட்டைகள், இல்லை என்று சொல்லவில்லை. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தது செங்கல் சுவரும் கூரை ஓடும். சோழ அரண்மனை என்பது செங்கல்லும் மரமும்தான், அதனால்தான் கோயில் நின்றது, அரண்மனை நிற்கவில்லை. அந்த ஊருக்கு ஆறும் வாய்க்காலும் அகழிக்கு மேல். எதிரிப் படை வந்தால் மதகைத் திறந்துவிட்டாலே பாதிப் போர் முடிந்தது. இந்த நாட்டை எப்படிக் காப்பாற்றுவார்கள், எப்படிப் பிடிப்பார்கள் என்று ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் நான் நாலு தடவை பார்த்திருப்பேன்.

படத்தில் நான் முழுசாக நம்பியது முதல் பாகத்தின் கடைசியில் வரும் கப்பல் சண்டையை. புயல், மழை, ஆடுகிற பலகை. யாராலும் நேராக நிற்க முடியவில்லை. வாளை வீசுவதற்கு முன்னால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடல்தான் அங்கே பெரிய வீரன். இது கற்பனையும் இல்லை. எங்களுக்கு இருபது கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினக் கடலில் 1782 ஜூலை 6ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் ஆளுக்குப் பதினொரு கப்பலோடு மோதினார்கள். நடு மத்தியானத்தில் காற்று சட்டென்று திசை மாற, இரண்டு பக்க வரிசையும் கலைந்துபோனது. கடைசியில் ஒரு கப்பல்கூட யார் கைக்கும் போகவில்லை. சுஃப்ரன், ஹியூஸ் என்று இரண்டு பக்கமும் பெரிய தளபதிகள், ஆனால் அன்றைக்கு முடிவு சொன்னது காற்று. எந்த சினிமாக்காரராவது காற்றை வில்லனாகப் போட்டு ஒரு போர் எடுப்பாரா?

கல்கி சொல்லும் பழைய போர்களில் எனக்குப் பிடித்தது திருப்புறம்பியம். கி.பி. 880 வாக்கில் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே நடந்த போர். அதில் கால் விளங்காத கிழவர் விஜயாலய சோழன் இரண்டு பேர் தோளில் ஏறி, இரண்டு கையிலும் வாளைச் சுழற்றிக்கொண்டு எதிரிப் படைக்குள் போவதாக கல்கி எழுதுவார். யோசித்துப் பார்த்தால் கொஞ்சமும் நடக்க முடியாத காரியம். ஆனால் படிக்கும்போது நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஏன்? அந்தக் கிழவரால் நடக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அவருக்கும் கனம் இருக்கிறது. தோற்றால் என்ன போகும் என்பதும் தெரியும். இவ்வளவு கொடுத்த பிறகு அவர் வாளைச் சுழற்றினால் என்ன, வானத்தில் பறந்தால் என்ன!

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' இரண்டாம் பாகத்தின் (2002) ஹெல்ம்ஸ் டீப் போரும் இப்படித்தான். முந்நூறு பேர், எதிரே பத்தாயிரம். சண்டைக்கு முன்னால் கிழவர்களுக்கும் பொடியன்களுக்கும் பொருந்தாத கவசம் மாட்டுகிறார்கள். சுவர் எங்கே, கதவு எங்கே, தண்ணீர் போகும் ஓட்டை எங்கே என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். மழை தொடங்குகிறது. ஒரு கிழவர் கை நழுவி முதல் அம்பை விட்டுவிடுகிறார். அந்த நழுவலில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் அதே பீட்டர் ஜாக்சன் அடுத்த வருஷம் மூன்றாம் பாகத்தில் பச்சை நிறப் பேய்ப்படையை விட்டு ஐந்து நிமிஷத்தில் போரைத் துடைத்துவிட்டார். டோல்கீன் புத்தகத்தில் அந்தப் பேய்கள் கப்பல்களைப் பிடித்துக் கொடுப்பதோடு சரி, நகரத்துக்கு வந்து சண்டை போடுவது உயிருள்ள மனிதர்கள். சாகவே முடியாத படை ஒன்று கையில் இருந்தால், அதுவரை செத்தவர்கள் எல்லாம் எதற்குச் செத்தார்கள்? மாயம் தப்பில்லை. மாயத்துக்கு விலை வைக்காததுதான் தப்பு.

பாகுபலி எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை, ஆனாலும் விட முடியாது. இரண்டாம் பாகத்தில் (2017) மாட்டுக் கொம்பில் தீ வைத்து எதிரி மேல் விரட்டுவார்களே, தியேட்டரில் பலர் அதைத்தான் 'ரீல்' என்றார்கள். அது நிஜமாக நடந்தது. கி.மு. 217இல் ஹன்னிபால் ரோமானியர்களை ஏமாற்ற, இரவில் மாட்டுக் கொம்பில் பந்தம் கட்டி ஓட்டினான். ஆனால் மரத்தை வளைத்து, கேடயத்துக்குள் சுருண்டுகொண்டு, கோட்டைக்குள் பறந்து விழுகிறார்களே, அதற்கு எங்கள் டெல்டாவில் சாட்சி கிடைக்காது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோதுகூட தென்னை வளைந்து நிமிர்ந்து யாரையும் எறியவில்லை. முறிந்தது, இல்லை வேரோடு சாய்ந்தது :-) ஆனாலும் ராஜமௌலியை மன்னித்துவிடுவேன். முதல் பாகத்துக் காலகேயர் போரில் திரிசூல வியூகம் என்று சொல்லி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று விளக்கிவிட்டுத்தான் சண்டைக்குப் போனார். போர்த்திட்டத்தைப் பார்ப்பவனுக்கும் சொல்ல வேண்டும் என்கிற மரியாதை அவரிடம் இருந்தது.

படை என்றால் சண்டை போடுவது மட்டும் என்று நம் படங்கள் நினைக்கின்றன. வீராணம் ஏரியே, இராஜாதித்த சோழன் ராஷ்டிரகூடரை எதிர்பார்த்து வடக்கே படையோடு தங்கியிருந்தபோது வீரர்களை வைத்து வெட்டியது என்பார்கள். அந்தப் படைக்குத் தினமும் சோறு வேண்டும், யானைக்குத் தழை வேண்டும், சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை வேண்டும். அப்புறம் 949இல் தக்கோலத்தில் அந்த இளவரசன் யானை மேலேயே செத்தான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று அவனுக்குப் பெயர். செத்துப்போன தளபதியைச் சுமந்துகொண்டு நிற்கும் யானை, கீழிருந்து பார்க்கும் சிப்பாய்க்கு விஷயம் எப்போது தெரிந்திருக்கும்? இதை எடுக்க ஒரு ரூபாய் கிராஃபிக்ஸ் வேண்டாம்.

களவழி நாற்பது பாடிய புலவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. முதல் பாட்டிலேயே காலையில் ரத்தம் யானைக் காலில் மிதிபட்டுச் சேறாகிறது, சாயங்காலம் அதே சேறு காய்ந்து செந்தூளாகப் பறக்கிறது. ஒரு நாள் முழுக்க மண்ணையே பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான் இப்படி எழுத முடியும். செங்கம் பக்கத்து நடுகற்களைப் படித்தாலும் அப்படித்தான். மாடு மீட்கப் போய்ச் செத்த இன்னார் என்று பெயர் போட்டிருக்கிறது. போரில் செத்தவன் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் செத்தவன் ஓர் ஆள். நம் படத்தில் கம்ப்யூட்டர் பெருக்கிப் போட்ட ஐம்பதாயிரம் பேர் சாகிறார்கள், ஒருத்தன் பெயரும் தெரியாது, ஒருத்தனுக்கும் தண்ணீர்த் தாகம் எடுக்காது. வலிக்காத போரைப் பார்த்துப் பழகிய என் வயசுப் பசங்கள், நிஜப் போர் செய்தியில் வரும்போதும் பாப்கார்ன் கண்ணோடு பார்க்கிறோமோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எங்கள் கரையிலிருந்து கொஞ்சம் கடல் தாண்டினால் 2009இல் முடிந்த போர் நடந்த மண்.

திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் குருக்ஷேத்திரம் முழுக்க நாலைந்து பேரை வைத்துத்தான் நடக்கிறது. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் படுகளம் அன்று மண்ணில் பெரிதாகத் துரியோதனனைச் செய்து படுக்கப் போட்டிருப்பார்கள். களிமண் என்று எல்லோருக்கும் தெரியும். பீமன் கதையை ஓங்கும்போது பெண்கள் அழுகிறார்கள்.

நிதேஷ் திவாரியின் ராமாயணம் அடுத்து வருகிறது. இரண்டு பாகம், முதல் பாகம் 2026 தீபாவளிக்கு என்று அறிவித்திருந்தார்கள். வானரப் படை பாலம் கட்டிக் கடல் தாண்டி ஈர மணலில் இறங்கும்போது எல்லோரும் ராமன் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் கீழே, காலடித் தடம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.