முதலில் கயிற்றைப் பிடியுங்கள்

ஸ்கூபா டைவிங் கற்றுச் சான்றிதழ் அட்டையும் வாங்கியவர்களில் சிலருக்கு அடுத்து ஓர் ஆசை வரும். மீன் பார்த்தாயிற்று, பவளப்பாறை பார்த்தாயிற்று, இனி நாலு பேருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்தால் என்ன? மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்துவிடலாமே! ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அப்படிச் சேர்கிறவர் முதல் ஒரு வருடம் நிஜமான அழைப்பு எதிலும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, கரையில் நின்று கயிறு பிடிக்கட்டும் என்பது என் கட்சி. சண்டைக்கு வர நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு வாருங்கள் :-)

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பொதுப் பாதுகாப்பு டைவிங் என்று பெயர். அங்கே தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் மெக்கானிக், வாத்தியார், கடைக்காரர். அழைப்பு வந்தால் தீயணைப்பு வண்டி. ஏரியும் ஆறும் உள்ள பல சிற்றூர்களில் டைவ் குழுவும் இப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டதுதான். இவர்களுக்கென்றே தனிப் பயிற்சி தரும் நிறுவனங்கள் உண்டு. கொலராடோவின் டைவ் ரெஸ்க்யூ இன்டர்நேஷனல் 1977 முதல் இதைச் செய்து வருகிறது.

பொழுதுபோக்காக டைவ் செய்பவர் நாளையும் இடத்தையும் தானே தேர்ந்தெடுப்பார். கடல் கலங்கியிருந்தால் ஹோட்டலில் படுத்துத் தூங்குவார். மீட்பு டைவருக்கு இடத்தைத் தேர்ந்தெடுப்பது விபத்து. பாலத்திலிருந்து கார் விழுந்த ஆறு, பனிக்கட்டி உடைந்த குளம், சாக்கடை கலந்த கால்வாய். பெரும்பாலும் முகத்துக்கு முன்னால் நீட்டிய கை கூடத் தெரியாது. எல்லாம் தடவித்தான். தடவுகிற கைக்குத் தூண்டில் நரம்பு, முள்கம்பி, உடைந்த கண்ணாடி, மரக்கிளை எது வேண்டுமானாலும் அகப்படும். ஆரம்பநிலை அட்டை என்பது திறந்த நீரில் 4 டைவ், 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி, அவ்வளவுதான். 'ரெஸ்க்யூ டைவர்' என்று ஒரு படிப்பு இருக்கிறதே என்பார்கள். அது பெயரால் ஏமாற்றுகிறது. கூட வந்த டைவர் ஆபத்தில் சிக்கினால் என்ன செய்வது என்று சொல்லித்தருவது அது. மிக நல்ல படிப்பு. ஆனால் இருட்டு ஆற்றில் கவிழ்ந்த காருக்குள் கைவிட்டுத் தேட அது போதாது.

சரி, கயிற்று விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண டைவிங்கில் இருவர் ஜோடியாகப் போவார்கள். கறுப்பு நீரில் ஜோடி என்பதே ஒரு தொல்லை, ஒருவர் உபகரணத்தில் மற்றவர் சிக்கிக்கொள்வார். அதனால் பல குழுக்களில் ஒரே ஆள்தான் இறங்குவார், இடுப்பிலோ மார்பிலோ கட்டிய வாரில் கயிற்றோடு. கயிற்றின் மறுமுனை கரையில் இருப்பவர் கையில். அவருக்கு டெண்டர் என்று பெயர் (நம்மூர் காண்டிராக்ட் டெண்டர் இல்லை!). கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு டைவர் அரைவட்டமாக நீந்துவார். ஓரம் வந்ததும் டெண்டர் இழுத்துச் சைகை கொடுத்து, கொஞ்சம் கயிறு விட்டுத் திரும்ப அனுப்புவார். இத்தனை இழுப்புக்கு இன்ன பொருள் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். எந்த இடம் தேடியாகிவிட்டது என்று கரையில் குறிப்பெடுப்பதும், எத்தனை மணிக்கு இறங்கினார், எவ்வளவு காற்று மிச்சம் என்று கணக்கு வைப்பதும், மேலே வரும் குமிழியைப் பார்த்து மூச்சு வேகமாகிறதா என்று கவனிப்பதும் டெண்டரின் வேலை. கீழே இருப்பவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. தேடுகிற கைதான் டைவருடையது, தேடலை நடத்துவது கரை.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. முத்துக் குளிக்க மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டல்லவா? அக்கா தாலிக்கு ஆபத்து வரும் வேலையில் அவன் அசட்டையாக இருக்க மாட்டான் என்பது கணக்கு. டைவ் குழுவில் எல்லோருக்கும் மச்சான் கிடைக்க மாட்டார், ஆகவே பயிற்சி தேவைப்படுகிறது.

கயிறு பிடித்துப் பழகியவருக்கு இன்னொன்றும் புரியும். ஒரு டைவர் உள்ளே இருக்கும்போது, இரண்டாவது டைவர் எல்லாம் மாட்டிக்கொண்டு உடனே குதிக்கும் நிலையில் கரையில் இருக்க வேண்டும். அவரும் இறங்க நேர்ந்தால் அவருக்குப் பின்னால் ஒருவர். பிறகு எல்லோருக்கும் பொறுப்பாக ஒருவர். ஒரு ஆளை அனுப்ப நாலைந்து பேர்! வருகிற புதியவர்கள் எல்லோருமே டைவராகத்தான் இருப்பேன் என்றால் குழு எப்படி நடக்கும்?

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச டைவ் மீட்பு நிபுணர்கள் சங்கம் ஒரு நீச்சல் தேர்வு வைத்திருக்கிறது. 500 கெஜம் எந்தத் துணைக்கருவியும் இல்லாமல் நீந்த வேண்டும். 15 நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், கடைசி 2 நிமிடம் கைகள் தண்ணீருக்கு மேலே. துடுப்பும் ஸ்நார்க்கலும் மாட்டி 800 கெஜம். பிறகு அசைவற்ற ஒரு டைவரை 100 கெஜம் இழுத்துவர வேண்டும். இதை முதலில் நீச்சல் குளத்தில் செய்து பாருங்கள். சிலிண்டர் வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

கடினமான பகுதி மனசு. 1986ல் யூட்டா மாநிலத்தில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று பனிக்குளிர் ஓடையில் 66 நிமிடம் மூழ்கிக் கிடந்து, மருத்துவர்கள் முயன்றதில் உயிர் பிழைத்தது. மிகக் குளிர்ந்த நீரில் அரிதாக இப்படி நடக்கலாம் என்பதால் பல குழுக்கள் முதல் ஒரு மணி நேரத்தை உயிர் காக்கும் நேரமாக வைத்துக்கொள்கின்றன. அது கடந்தால் வேலை மாறிவிடுகிறது. இனி எடுக்கப்போவது உடல். தன்னார்வலராக வருகிறவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: உங்கள் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான். கரையில் அம்மா அப்பா நின்றுகொண்டிருப்பார்கள். 'ஏன் இன்னும் இறங்கவில்லை' என்று ஊரே கேட்கும். அப்போதும் நீரோட்டம் குறையட்டும் என்று காத்திருக்கத் தெரிய வேண்டும். இறந்தவருக்காக உயிரோடிருப்பவரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த நெருக்கடியில் நிதானம் தவறாமல் இருப்பதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. கரையில் கயிறு பிடித்து நின்றால் கொஞ்சம் வரும்.

'2018ல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய பையன்களைக் காப்பாற்றியது தன்னார்வலர்கள்தானே?' என்று கேட்கலாம். ஆமாம், அதுவே என் சாட்சி. ஜூலை 2 அன்று 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கண்டுபிடித்த இருவரில் ரிக் ஸ்டான்டன் முன்னாள் தீயணைப்பு வீரர், ஜான் வொலாந்தன் கம்ப்யூட்டர் துறைக்காரர். மயக்க மருந்து கொடுத்த ரிச்சர்ட் ஹாரிஸ் மருத்துவர், உடன் வந்த கிரெய்க் சாலன் கால்நடை மருத்துவர். ஆனால் இவர்கள் திடீரென்று கிளம்பி வந்தவர்கள் இல்லை. வருடக்கணக்காக, யாரும் கைதட்டாத சேற்றுக் குகைகளில் நீந்தியவர்கள். அதே குகையில் ஜூலை 6 அன்று இறந்த சமன் குனான் தாய்லாந்துக் கடற்படை சீல் பிரிவின் முன்னாள் வீரர். அவரும் தன்னார்வலராக வந்தவர்தான். காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் நினைவிழந்தார். உடல் வலுவும் நல்ல மனசும் அவரிடம் குறைவாகவா இருந்தன? அங்கே பணியாற்றிய இன்னொரு சீல் வீரர், அப்போது தொற்றிய ரத்தக் கிருமியால் 2019 டிசம்பரில் இறந்தார். அழுக்கு நீர் என்று சும்மா சொல்லவில்லை. முகம் முழுக்க மூடும் முகமூடியும் உலர் உடையும் ஆடம்பரம் இல்லை.

'சின்ன ஊரில் ஆள் கிடைப்பதே கஷ்டம், ஒரு வருடம் கரையில் நிறுத்தினால் ஓடிவிடுவான்' என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மாதம் தவறாமல் பயிற்சி நடத்துகிற குழு என்றால் ஆறு மாதம் போதும் என்று இறங்கி வருவேன். அதற்குக் கீழே வரமாட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் வணிக டைவிங்குக்குத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் விதிகள் உண்டு. அரசு அமைப்பின் கட்டுப்பாட்டில் நடக்கும் தேடுதல், மீட்பு டைவிங்குக்கு அந்த விதிகளிலிருந்து விலக்கு. ஆகவே ஒரு குழு ஒழுங்காக நடப்பதும் நடக்காததும் பெரும்பாலும் அந்தக் குழுவின் கையில். சேரப் போகிறவர்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டாவது டைவர் தயாராக நிற்கிறாரா? உபகரணம் குழுவுடையதா, சொந்தச் செலவா? வேலை முடிந்ததும் உடையையும் ஆளையும் எங்கே கழுவுகிறார்கள்? கடைசியாக எப்போது ஒருவர் 'இன்று எனக்கு முடியவில்லை' என்று சொல்லி இறங்காமல் இருந்தார், அவரை மற்றவர்கள் எப்படி நடத்தினார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர்க் குழுவை விசாரியுங்கள்.