நான்கு காயில்களையும் மாற்றத்தான் வேண்டுமா?



கடந்த பள்ளி விடுமுறையில், சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் செல்லும் சாலையில் என் பழைய மைவி திடீரெனக் குலுங்கத் தொடங்கியது. மேட்டில் ஏறத் திணறியது. இயந்திர எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அருகிலிருந்த பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் கூடப் பார்க்கவில்லை. "நான்கு காயிலும் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்றார்கள்.

மனம் ஒப்பவில்லை. என் முன்னாள் மாணவர் ஒருவர் வேலை செய்யும் பட்டறைக்கு அழைத்துச் சொன்னேன், வந்து பார்த்தார். கருவியைச் செருகியதும் பி0303 என்ற குறியீடு தோன்றியது. மூன்றாம் உருளையில் எரிதல் சரியாக நிகழவில்லை என்பது அதன் பொருள். அவர் மூன்றாம் காயிலை முதல் உருளைக்கும், முதல் காயிலை மூன்றாவதற்கும் மாற்றிப் பொருத்தினார். இயந்திரத்தை மீண்டும் முடுக்கியபோது குறியீடு பி0301 ஆனது. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது! "இந்த ஒன்றுதான் சார் கெட்டது" என்றார்.

காயில் செய்யும் வேலை எளிதில் விளங்கக்கூடியதே. மின்கலத்தின் 12 வோல்ட்டால் பிளக்கில் தீப்பொறி தாவாது. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. முதற்சுருளில் பாயும் மின்னோட்டம் சட்டென நிறுத்தப்படும்போது காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுருளில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் எழுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பாரடேயும் ஒரு கொல்லரின் மகன்; புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் எல்லா உருளைகளுக்கும் ஒரே காயில்தான். 2005இல் அறிமுகமான மைவியின் நான்கு உருளை இயந்திரத்திலோ ஒவ்வொரு பிளக்கிற்கும் ஒரு காயில். ஆகவே ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றலாம். பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. நான்கும் ஒரே வயதுடையவை, மற்றொன்றும் விரைவில் கெடலாம். ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும். முடிவை வாடிக்கையாளரிடம் விட வேண்டும். தேய்ந்த பிளக்கின் இடைவெளி அகன்று காயிலுக்குச் சுமை கூடும். எண்ணெய்க் கசிவும் பிளக் குழிக்குள் இறங்கிக் கெடுக்கும். இவற்றைப் பாராமல் புதுக் காயில் போடுவதால் பயனில்லை. குலுங்கும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவதும் தவறு. எரியாத பெட்ரோல் புகைப்போக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றிப் பாழாக்கிவிடும். அதன் விலை காயிலைவிடப் பன்மடங்கு.

தோட்டங்களை விட்டு நகரோரம் குடியேறிய நம் குடும்பங்களுக்குப் பழைய மகிழுந்து ஆடம்பரம் அன்று. வேலைக்கும் மருத்துவமனைக்கும் அதுவே கால். தேவையற்ற மூன்று காயில்களின் விலை பிள்ளையின் காலணியாகவும் பயிற்சி நூலாகவும் இருக்க வேண்டிய பணம்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மாணவர் யூபிஎஸ்ஆர் அறிவியல் தாளில் தேர்ச்சி பெறாதவர். "ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை நிலையாக வை" என்று நான் கரும்பலகையில் மாறிகளை விளக்கியபோது அவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். இன்று அதே பாடத்தைக் கையில் எண்ணெய்க் கறையோடு எனக்கே செய்துகாட்டினார். 2021இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. கைத்தொழிலைத் தோற்றவர்களின் புகலிடமாகக் கருதும் நம் எண்ணம் மட்டும் நீங்கவில்லை.

பழைய காயில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துள்ளேன். அடுத்த மின்சாரப் பாடத்தில் அது மேசைமேல் இருக்கும். அதைக் கழற்றியவரையும் வகுப்பிற்கு அழைக்க எண்ணம். ஆசிரிய நண்பர்களே, உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்