சிஎஸ்வி தானே, தட்டி விடு மச்சி!

மக்களே, ரொம்ப நாளா மனசுல ஒரு புகைச்சல். இன்னைக்குக் கொட்டிடறேன்.

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. டேட்டாவைச் சேர்க்க, சலிக்க, கூட்ட என்று முந்நூறு வரி எழுதுவோம். ஃபைலா சேமிக்கிற இடம் வந்தா மட்டும் ஒரே வரி. "சிஎஸ்வி தானே, தட்டி விடு மச்சி." அப்புறம் இன்னொருத்தன் உட்கார்ந்து மாசக்கணக்கில் "டேட்டா க்ளீனிங்" என்று ஆணி புடுங்குவான். அந்த அழுக்கில் நிறைய வெளியிலிருந்து வந்ததே இல்லைங்க. சேமிக்கும்போது நாமே போட்டது.

ஊரான் கதை எதுக்கு, என் கதையையே சொல்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த ரெண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் சுற்றுவட்டாரம் மிதந்தது. நண்பர்கள் தெருத்தெருவாப் போய் வீட்டு எண், பேர், போன் நம்பர் எழுதி அனுப்பினாங்க. நான் சிதம்பரத்தில் வீட்டில் உட்கார்ந்து எல்லாத்தையும் பாண்டாஸில் (கரடி இல்லைங்க, பைத்தான் லைப்ரரி!) சேர்த்து ஒரே லிஸ்ட்டா அனுப்பினேன். முதல்ல தமிழ்ப் பேரெல்லாம் கொக்கி கொக்கியா தெரியுதுன்னாங்க. யூடிஎஃப்-8-சிக் என்று என்கோடிங்கை மாத்தி அனுப்பினேன். தமிழ் பளிச்சுனு வந்துடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

4ஆம் தேதி வேன் கிளம்புச்சு. ஒரு தெருவில் 3/12 என்ற வீட்டில் தனியா இருந்த ஆயாவுக்கு அரிசியும் போர்வையும் போகவே இல்லை. ஏன்? எக்செல் 3/12ஐத் தேதின்னு நினைச்சு "03-டிச" ஆக்கிடுச்சு. பிரிண்ட் எடுத்ததில் தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டும்தான். வேனில் போன தம்பி, "3ஆம் தேதியே கொடுத்தாச்சு போல" என்று தாண்டிப் போயிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணித்தான் தெரிஞ்சுது. தேடிப் பார்த்தா இன்னும் பத்து வீடு அதே மாதிரி.

"உன் ஃபைல்ல 3/12 சரியாத்தானே இருக்கு, தப்பு எக்செல் மேல" என்று ஒரு நண்பன் ஆறுதல் சொன்னான். இந்த ஆறுதல்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது! அவங்க டபுள் கிளிக் பண்ணி எக்செல்லில்தான் திறப்பாங்கன்னு எனக்குத் தெரியும். சிஎஸ்வியில் எது எண், எது எழுத்து, எது தேதி என்று சொல்லி வைக்க இடமே கிடையாது. மேற்கோள் குறிக்குள் போட்டாலும் எக்செல் மாத்தும். இதெல்லாம் தெரிஞ்சவன் நான். வேனில் போன தம்பி இல்லை.

இன்னும் கேளுங்க. சிதம்பரத்தின் எஸ்டிடி கோடு 04144. முன்னாடி இருக்கும் பூஜ்யம் போச்சுன்னா பதினோரு இலக்கம் பத்தாகி, பார்க்க செல் நம்பர் மாதிரியே நிக்கும். பத்து இலக்கம் இருக்கான்னு மட்டும் பார்க்கிற சோதனையில் பாஸும் ஆயிடும்! 12 இலக்க எண் 3.33இ+11 மாதிரி தெரியும். அதை அப்படியே திரும்ப சிஎஸ்வியா சேமிச்சா மிச்ச இலக்கம் காலி. 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பாண்டாஸும் உத்தமர் இல்லை. இண்டெக்ஸ் வேண்டாம்னு சொல்லாமல் சேமிச்சுத் திரும்பத் திறந்தால் "அன்நேம்டு: 0" என்று ஒரு அனாதைப் பத்தி உட்கார்ந்திருக்கும்.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் ஏறாமல் போச்சு. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை, அவ்வளவுதான் காரணம். அதே வருஷம், மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுக்களை எக்செல் தேதியாக்குது என்று விஞ்ஞானிகள் மரபணுவின் பேரையே மாத்திட்டாங்க. 2023இல்தான் மைக்ரோசாஃப்ட் இந்த மாதிரி மாற்றங்களில் சிலதை நிறுத்த வழி கொடுத்தது. ஃபைலைத் திறக்கிற ஆயிரம் பேரும் செட்டிங்ஸ் மாத்தணுமா, எழுதுற ஒருத்தன் ஒழுங்கா எழுதணுமா?

ஒழுங்கா எழுத பெரிய வித்தை ஒண்ணும் வேண்டாம். கூட்டிக் கழிக்காத எண் எதுவும் எண் இல்லை, எழுத்து. வீட்டு எண், சர்வே எண், போன், பின்கோடு எல்லாத்தையும் படிக்கும்போதே எழுத்தாப் படிங்க. இண்டெக்ஸை நிறுத்துங்க. "12, கீழ வீதி, சிதம்பரம்" என்ற முகவரியில் கமா இருக்கு, அதனால் நீங்களே கமா போட்டு ஒட்டாதீங்க. பைத்தானில் 2003இலிருந்தே அதுக்கு சிஎஸ்வி மாட்யூல் இருக்கு. மெஷினுக்கு சிஎஸ்வி கொடுங்க. மனுஷனுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கொடுங்க, அதில் எழுத்து எழுத்தாவே நிக்கும். முக்கியமா, சேமிச்ச ஃபைலை அவங்க திறக்கிற மாதிரியே ஒரு தடவை திறந்து, நாலு வரியை மூலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அந்த ரெண்டு நிமிஷத்தை நான் மிச்சம் பிடிச்சேன். ஆயா நாலு நாள் ஈரத் தரையில் படுத்திருந்தாங்க.

டிஸ்கி: ஆயா வீட்டுக்கு அப்புறம் நானே போனேன். "பேரு எழுதிக்கிட்டுப் போனாங்களே தம்பி, தொலைஞ்சு போச்சா?" என்றார். எக்செல் கதையெல்லாம் சொல்லலை. "ஆமா ஆயா, நான்தான் தொலைச்சேன்" என்று மட்டும் சொல்லிட்டு வந்தேன்.