கொசுவத்தி மட்டும் சுத்தினா போதுமா?

பழைய பாட்டு ஒண்ணு காதுல விழுந்தா போதும், நாம எல்லாரும் உடனே கொசுவத்தியைச் சுத்த விட்டுடுவோம். டெண்டு கொட்டாய், மணலைக் குவிச்சு உக்காந்தது, இடைவேளை முறுக்கு, வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும்... நானும் இந்தக் கோஷ்டிதான். "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விடறதுல ஒரு சுகம் இருக்கத்தான் செய்யுது. ஆனா பெருமூச்சைத் தவிர நாம வேற என்னத்தைக் கிழிச்சோம்?

மொதல்ல என் வண்டவாளத்தைச் சொல்லிடறேன்.

எங்கப்பா ஒரு தகரப் பெட்டி நிறைய சினிமா பாட்டுப் புத்தகம் வச்சிருந்தார். கொட்டாய் வாசல்ல அணாக் கணக்குல வித்தது. பராசக்தி, மதுரை வீரன், நாடோடி மன்னன்னு வரிசையா இருக்கும். சாணித்தாள் மாதிரி பேப்பர், அட்டையில மங்கலா ஒரு படம். உள்ளே நடிகர் பட்டியல், பாட்டு, கதைச்சுருக்கம். கதை சூடு பிடிக்கிற இடத்துல டக்குனு நிறுத்தி "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு போட்டுடுவான்.

1998ல வீடு மாத்தும்போது அந்தப் பெட்டியை நான்தான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். கிலோ கணக்குல. அப்பா ஊர்ல இல்லாத நாளாப் பாத்து. திரும்பி வந்து "பெட்டி எங்கப்பா?"ன்னு கேட்டார். சொன்னேன். "சரி, கரையான் அரிச்சிருக்கும்"னு அவரே எனக்கு ஒரு சமாதானத்தையும் சொல்லிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா தேவலை.

அது வெறும் குப்பை இல்லைன்னு எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆச்சு. 1931ல வந்த காளிதாஸ், தமிழின் முதல் பேசும்படம். எச்.எம்.ரெட்டி எடுத்தது, டி.பி.ராஜலட்சுமி நடிச்சது. இன்னிக்கு அதோட பிரதி எங்கேயும் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப்படம் கீசக வதமும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டுனு தீப்பிடிக்கும், வச்சிருந்தா உளுத்துப் போகும். ஓடி முடிஞ்ச பிலிமை அதுல இருக்கற வெள்ளியை எடுக்கறதுக்குன்னே போட்டுடுவாங்களாம். வெள்ளித்திரைன்னு கொண்டாடிட்டு, கடைசியில வெள்ளிக்காகவே அழிச்சிருக்கோம் பாருங்க!

படம் தொலைஞ்சு போச்சுன்னா, அதுல யார் நடிச்சாங்க, என்ன பாடினாங்க, கதை என்னன்னு சொல்ல மிஞ்சியிருக்கறது பாட்டுப் புத்தகமும் விளம்பர நோட்டீசும்தான். "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு அதுல இன்னமும் இருக்கும். காண்றதுக்குத்தான் மீதி இல்லை.

'இதெல்லாம் அரசாங்கம் பாத்துக்க வேண்டியது'ன்னு சொல்வீங்க. நியாயம்தான். புனேயில தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964லதான் வந்தது. அதுக்குள்ள பேசும்படம் வந்தே முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இந்த விஷயத்துல அரசாங்கத்தை விடத் தனி மனுஷங்கதான் நிறைய செஞ்சிருக்காங்க. 2016ல மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் பூரா படத் தகவலும் ஸ்டில்லுமா சேர்த்து வச்சார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததுதான் இன்னிக்குச் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. ரெண்டு பேரும் ஏங்கிட்டு மட்டும் உக்காந்திருக்கலை, எடுத்து வச்சாங்க.

அதனால என் கட்சி இதுதான். பழைய படம் உசத்தியா புதுசு உசத்தியான்னு சண்டை போடறதை அப்புறம் வச்சுக்கலாம். உங்க வீட்டுப் பரண்ல பாட்டுப் புத்தகம், பழைய பேசும் படம் இதழ், இசைத்தட்டு உறை எது இருந்தாலும் தராசுல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. இப்ப எல்லார் கையிலயும் கேமரா இருக்கு, பக்கம் பக்கமாப் படம் பிடிக்க அரை மணி நேரம் ஆகுமா? வச்சுக்க இடமில்லைன்னா ஒரு நூலகத்துல விசாரிச்சுக் குடுத்துடுங்க.

எங்கப்பா பெட்டியில இருந்ததுல இன்னிக்கு வேற எங்கேயுமே கிடைக்காத புத்தகம் ஏதாவது இருந்துதான்னு தெரிஞ்சுக்க எனக்கு இனி வழியே இல்லை. உங்களுக்கு இன்னும் இருக்கு.